பாசிக்குடாவில் உடுப்பு மாற்ற ஓர் இடம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் பத்திரிகையின் வாரப் பகுதியில் பாசிக்குடாவை மேலேயிருந்து எடுத்த படம் ஒன்று அரைப் பக்கத்துக்கு வந்திருந்தது. பிறை மாதிரி வளைந்த கரை, ஓரத்தில் வெளிர்பச்சையாகவும் தள்ளிப்போகப் போகக் கடும் நீலமாகவும் கடல், கரையோடு வரிசையாக ஹோட்டல்கள், அவற்றின் நீச்சல் தடாகங்கள். படத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, என் மகள் அதை வெட்டி எடுத்துவிட்டாள். ஆனால் இது எல்லோரையும் வரவேற்கிற கடற்கரை என்ற பொருளில் கீழே இரண்டு வரி போட்டிருந்தீர்களே, அந்த எல்லோரில் நாங்களும் சேர்த்தியா என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். நாங்கள் இந்த ஆகஸ்ட் பள்ளிக்கூட விடுமுறையில் அங்கே போய் வந்தவர்கள். ஒரே நாளில், ஒரே கரையில், நண்பகல் வரைக்கும் ஹோட்டல் விருந்தாளிகளாகவும் அதற்குப் பிறகு வெறும் சனமாகவும் இருந்து பார்த்தவர்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு நானூறு மீற்றர் மணல்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், எனக்குப் பாசிக்குடா புது இடம் இல்லை. அப்பா வாழைச்சேனைக் காகித ஆலையில் கணக்கு எழுதுபவராக இருந்தார். 1956-இல் தொடங்கிய ஆலை அது, நாங்கள் இருந்த காலத்தில் வைக்கோல் லொறிகள் வாசலில் நிற்கும், ஊர் முழுக்க ஒரு புளித்த மணம். ஞாயிற்றுக்கிழமையில் அப்பா என்னைச் சைக்கிள் பாரில் வைத்துக் கடலுக்குக் கூட்டிப்போவார், அம்மாவும் தங்கையும் பக்கத்து வீட்டாரோடு ரயிலில் ஒரு தரிப்பிடம் ஏறிக் கல்குடாவில் இறங்கி வருவார்கள். அப்போதே அங்கே வெள்ளைக்காரர் வந்து தங்குகிற விடுதிகள் இருந்தன. நாங்கள் அவற்றுக்குள் எட்டிப் பார்த்ததோடு சரி. குளித்து முடிந்ததும் அம்மா தன் சேலை ஒன்றை விரித்து இரண்டு தென்னைகளுக்கு நடுவில் பிடிப்பா, நான் அதற்குள் நின்று சட்டை மாற்றுவேன். 1978 கார்த்திகையில் அந்தச் சூறாவளி வந்தது. மட்டக்களப்புப் பக்கத்து ஆட்களுக்கு அதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. விடிந்து பார்த்தால் தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகத் தலைசாய்த்துப் படுத்திருந்தன. அடுத்த வருடம் அப்பா வேலையை விட்டுவிட்டு எங்களைக் கூட்டிக்கொண்டு கொக்குவிலுக்கு வந்துவிட்டார். பிறகு சண்டை, பிறகு 2004-இல் சுனாமி, பிறகும் சண்டை. 45 வருடத்துக்கு மேல் நான் அந்தப் பக்கம் தலைவைக்கவில்லை.

இப்போது போனதற்குக் காரணம் என் மாமி. அவவுக்கு 80 வயது நிறைந்தது. கனடாவில் இருக்கிற மைத்துனர், அம்மாவை ஒரு நல்ல இடத்தில் ஓர் இரவு வைத்திருங்கள் என்று சொல்லி மூன்று அறைக்குக் காசு கட்டிவிட்டார். சரி என்று பதினொரு பேர் ஒரு வானில் விடியற்காலை 4 மணிக்கு வெளிக்கிட்டோம். மாமி, நான், வீட்டுக்காரர், எங்கள் பிள்ளைகள் இரண்டு பேர், தங்கை, அவளுடைய கணவர், அவர்களுடைய மூன்று பேர், பதினோராவது ஆள் சாரதித் தம்பி. வவுனியா, மதவாச்சி, ஹபரணை, பொலன்னறுவை, மன்னம்பிட்டிப் பாலம், வெலிக்கந்தை, புனாணை என்று இறங்கி வாழைச்சேனைக்குப் போகிற வழி. மின்னேரியாவுக்குப் பக்கத்தில் றோட்டோரமாக யானை நின்றதில் பிள்ளைகளுக்குப் பயணக்காசு அங்கேயே தேறிவிட்டது. ஓட்டமாவடியில் ரயிலும் வாகனமும் ஒன்றன் பின் ஒன்றாகப் போன அந்தப் பழைய இரும்புப் பாலத்தைக் காட்டி நான் கதை சொல்லத் தொடங்க, யாரும் கேட்கவில்லை, எல்லோரும் பசியில் இருந்தார்கள்.

ஹோட்டலின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அங்கே வேலை செய்கிற பிள்ளைகள் அவ்வளவு நன்றாக நடந்துகொண்டார்கள், அவர்களுக்கு என்னால் ஒரு சங்கடம் வரக்கூடாது. வாசலில் குளிர்ந்த ஈரத் துவாய் ஒன்றும் செவ்விளநீரும் தந்தார்கள். கையில் ஒரு காகிதப் பட்டி ஒட்டினார்கள், அந்தப் பட்டி இருந்தால்தான் சாப்பாடு, தடாகம், கரையில் உள்ள சாய்கதிரை எல்லாம். மாமி அதைப் பார்த்து, ஆஸ்பத்திரியில் குழந்தைக்குக் கட்டுகிற மாதிரி இருக்கிறதே என்றா. அறை சுத்தம், கட்டில் விரிப்பு வெள்ளை, தண்ணீரைப் பிளாஸ்ரிக் போத்தலில் வைக்காமல் கண்ணாடியில் வைத்திருந்தார்கள், அது எனக்குப் பிடித்திருந்தது. சாப்பாட்டு மேசையில் நாற்பது வகை இருந்தும் அன்று வெள்ளிக்கிழமை என்பதால் மாமிக்கு அதில் எடுக்க நாலு வகைகூட இல்லை. இதைக் கண்ட ஏறாவூர்த் தம்பி ஒருவர் உள்ளே போய்ப் பத்து நிமிடத்தில் பருப்புக் கறியும் வாழைக்காய்ப் பொரியலும் கொண்டுவந்து வைத்தார், கடைசியில் மட்டக்களப்பு எருமைத் தயிர் ஒரு சட்டி, மேலே கித்துள் பாணி. மாமி அந்தச் சட்டியை ஒருவருக்கும் கொடுக்கவில்லை. ஒரு குறை என்றால், வரவேற்பு மேசையில் தமிழில் கதைக்க ஆள் தேட வேண்டியிருந்தது. வாழைச்சேனையிலிருந்து ஐந்து கிலோமீற்றர் தூரத்தில் இருந்துகொண்டு மாமி தனக்கு இன்னொரு தலையணை வேண்டும் என்பதைக் கையால் அபிநயம் பிடித்துக் காட்டினா.

கடலைப் பற்றிச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல மனம் வரவில்லை. அந்தக் கடல் நான் விட்டுவிட்டு வந்த மாதிரியே இருந்தது. வெளியே முருகைக்கல் திட்டு அலையை மறித்துவிடுவதால் குடாவுக்குள் தண்ணீர் குளம் மாதிரித்தான் கிடக்கும், முழங்கால் ஆழத்திலேயே நடந்து நடந்து போகலாம், திரும்பிப் பார்த்தால் கரை எங்கேயோ இருக்கும். ஆகஸ்டில் கச்சான் காற்று நிலத்தை வறுத்துக்கொண்டிருக்க, கடல் மட்டும் அசையாமல் கிடக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வாடை தொடங்கிவிட்டால் இந்தக் கோலம் இருக்காது. மாமி ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் முழுகுவதைத் தவிர வேறு கடலில் கால் வைக்காத ஆள். சனிக்கிழமை காலை 6 மணிக்கு, பார்க்க ஒருவரும் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு, சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகி என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினா. பத்தடி போனதும் கையை விட்டுவிட்டா. பிறகு ஒரு நூறு மீற்றர் தனியாகவே நடந்து போய் அங்கே நின்று சூரியனைக் கும்பிட்டா, நான் பின்னால் நின்று பார்த்தேன். 80 வயது மனுஷி தனியாகக் கடலுக்குள் நடந்துபோய் நிற்கக்கூடிய இடம் இந்த நாட்டில் வேறு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்ததும் என்ன சொன்னா தெரியுமா? தண்ணீர் இளஞ்சூடு, உப்புக் குறைவாகப் போட்டிருக்கிறார்கள் என்றா.

இவ்வளவு கடலை முன்னால் வைத்துக்கொண்டு ஹோட்டலில் பாதிப் பேர் தடாகத்துக்குள் கிடந்தார்கள், எங்கள் பிள்ளைகள் உட்பட. அதைக் கேட்டால் இந்தத் தலைமுறையில் பதில் வராது. தடாகத்திலிருந்து கரைக்கு இறங்குகிற படிக்கட்டில் கால் கழுவ ஒரு பைப், அதற்குப் பக்கத்தில் தலைக்கு மேலே நல்ல தண்ணீர் ஊற்றுகிற ஷவர் ஒன்று, ஒரு மூங்கில் தட்டி மறைப்பு, துவாய் வைக்க ஒரு மேசை. அந்தப் படிக்கட்டைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள்.

நண்பகல் 12 மணிக்கு அறையை விட வேண்டும், விட்டோம். ஒரு பிள்ளை சிறு கத்தரிக்கோலால் கைப்பட்டியை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தாள், மாமியின் கையை வெட்டிவிடக்கூடாது என்று அவ்வளவு கவனமாக. ஊருக்குத் திரும்ப வெளிக்கிடுவது பின்னேரம் நாலரைக்கு என்று ஏற்பாடு. கண்ணாடிப் படகு, காற்றடித்த வாழைப்பழப் படகு எல்லாம் பொதுக் கரைப் பக்கம்தான் என்பதால் பிள்ளைகள் அங்கே போயே தீர வேண்டும் என்று நின்றார்கள். பின்னேரம் வெளிக்கிட முதல் காசு கட்டி அந்த ஷவரை மட்டும் ஒருமுறை பாவிக்கலாமா என்று வரவேற்பில் கேட்டேன், அது முடியாது என்று சிரித்த முகத்தோடு சொன்னார்கள். சரி, அது அவர்களுடைய இடம், நான் கோபிக்கவில்லை. அறையில் தங்காதவர்களையும் குளிக்க விட்டால் தங்கியவர்கள் முறைப்பாடு செய்வார்கள் என்பதும் எனக்கு விளங்குகிறது.

மணல் வழியாகவே நடந்தோம். கடற்கரை அரச நிலம், அதில் நடக்க யாரும் தடை சொல்லவில்லை. ஒவ்வொரு ஹோட்டலுக்கு முன்னாலும் ஒரு காவலாளி தென்னை நிழலில் நின்று, இந்தச் சனம் எங்கே திரும்புகிறது என்று கண்ணால் பின்தொடர்ந்ததைத் தவிர. நிழல் முழுக்க ஹோட்டல் பக்கம்தான். தென்னையை நட்டு வளர்த்து மணலை வாரிச் சுத்தம் செய்து வைத்திருக்கிறார்கள், அதற்கு உரிய மதிப்பைக் கொடுக்கத்தான் வேண்டும். பொதுக் கரைக்கு வந்ததும் நிழல் முடிந்துவிட்டது, சத்திரசிகிச்சைக் கத்தியால் வெட்டினது போல.

அன்று சனிக்கிழமை. எத்தனை பஸ் என்று நான் எண்ணவில்லை. குருநாகல் பக்கத்திலிருந்து யாத்திரை வந்த சிங்களச் சனம், ஓட்டமாவடி, ஏறாவூர், காத்தான்குடியிலிருந்து முஸ்லிம் குடும்பங்கள், செங்கலடிப் பக்கத்துத் தமிழ்ச் சனம், எங்களைப் போல யாழ்ப்பாணத்து வான்கள். சோற்றுப் பார்சலை ஆளாளுக்கு மாற்றிச் சாப்பிடாத குறைதான். அபாயா போட்ட பெண்கள் அப்படியே இறங்கிக் குளித்தார்கள், சுரிதாரோடு குளித்தார்கள், கவுனோடு குளித்தார்கள், நீச்சலுடை போட்டவர் எங்கள் கண்ணில் ஒருவர்கூட இல்லை. இதில் ஓர் எளிய கணக்கு இருக்கிறது. நீச்சலுடையோடு குளிப்பவர் ஒரு துவாயைச் சுற்றிக்கொண்டு அறைக்கு நடந்துவிடலாம். முழு உடுப்போடு குளிப்பவருக்குத்தான் உடுப்பு மாற்ற இடம் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் அந்த ஈர உடுப்பைப் பிழிந்தாலும் இரண்டு லீற்றர் கடல் அதற்குள் இருக்கும். ஆனால் அறை இருப்பவருக்கு ஷவர் இருக்கிறது, அறை இல்லாதவருக்கு இல்லை.

இல்லை என்று ஒரேயடியாகச் சொன்னால் பொய். ஒரு கட்டடம் இருக்கிறது. நாங்கள் போன அன்று அதன் நிலைமையைச் சொல்கிறேன், மற்ற நாட்களில் எப்படியோ. பெண்கள் பக்கம் ஐந்து கதவு, இரண்டு பூட்டியிருந்தது, திறந்திருந்த மூன்றில் ஒன்றில் தண்ணீர் வரவில்லை, ஒன்றில் கதவுக்குக் கொளுக்கி இல்லை, மூன்றாவதுக்கு முன்னால் நாற்பது பெண்கள் நின்றார்கள். நாற்பதை எண்ணினேன், நிற்கிற நேரத்தில் வேறு வேலை இல்லையே. கொளுக்கி இல்லாத அறைக்குள் ஒரு பெண் மாற்ற, வெளியே இன்னொரு பெண் கதவின் கைபிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்பது, பிறகு ஆள் மாறுவது, இப்படி ஒரு முறைமையைச் சனம் தாங்களாகவே ஏற்படுத்தியிருந்தது. எனக்கு முன்னால் நின்ற சிங்கள அக்கா என் முறைக்குக் கதவு பிடித்தா, அவவின் முறைக்கு நான் பிடித்தேன். அவவுக்குத் தமிழ் தெரியாது, என்னுடைய சிங்களம் கடையில் விலை கேட்கிற அளவுதான், நங்கி, நங்கி, அதாவது தங்கச்சி, என்று கூப்பிட்டு அவ சொன்னதெல்லாம் எனக்குக் கண்ணீர் வருகிற அளவுக்கு விளங்கியது. தங்கையின் சின்னவனுக்கு உப்புத் தண்ணீரில் கண் எரிந்து கத்தியபோது தன் பிள்ளைக்கென்று வைத்திருந்த குடிதண்ணீர்ப் போத்தலைத் திறந்து ஊற்றினதும் அவதான்.

ஆனால் அந்த முறைமை உதவியது எனக்கு மட்டும்தான். தங்கையின் மூத்தவளுக்கு 15 வயது. அந்தக் கொளுக்கி இல்லாத அறைக்குள் போக மாட்டேன் என்று நின்றுவிட்டாள். கட்டாயப்படுத்த எங்களுக்கும் மனம் வரவில்லை. கடைசியில் மாமி தன்னுடைய பையிலிருந்து மடித்து வைத்திருந்த ஒரு பருத்திச் சேலையை எடுத்தா. வானின் கதவைத் திறந்து வைத்து, அதன் ஒரு பக்கம் நானும் மறுபக்கம் தங்கையும் சேலையைப் பிடிக்க, மாமி நடுவில் முதுகைக் காட்டிக்கொண்டு காவல் நிற்க, பிள்ளை உள்ளே உடுப்பு மாற்றினாள். வாகனத் தரிப்பிடம் அது, பக்கத்தில் பஸ் சாரதிகள் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பாவம், எழும்பி அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்கள். சேலை காற்றில் அடித்துக்கொண்டிருந்தது, கச்சான் காற்றுக்கு அது தெரியுமா. என் அம்மா பிடித்த சேலை ஞாபகம் வந்தது என்று எழுதினால் நாடகம் மாதிரி இருக்கும், ஆனால் வந்தது. அவவுக்காவது இரண்டு தென்னைமரம் கிடைத்தது.

வேறு சிலதையும் சொல்லிவிடுகிறேன். குளிக்கிற சனத்துக்கும் இயந்திரப் படகுக்கும் நடுவில் கயிறோ மிதவையோ நாங்கள் இருந்த பக்கத்தில் கண்ணில் படவில்லை. இடுப்பளவு தண்ணீரில் குழந்தைகள் நிற்க, பதினைந்து அடி தள்ளி ஒரு ஸ்கூட்டர் படகு வளைந்து திரும்பியது. ஓட்டிய பெடியன் கெட்டிக்காரன், ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் எல்லா நாளும் கெட்டிக்காரன்தான் ஓட்டுவான் என்று இல்லை. ஆழமில்லாத கடல் என்பதால் நீந்தத் தெரியாத சனமே இங்கே கூட வருகிறது, அதனால்தான் இங்கே உயிர்காப்பவர் கூடுதலாக வேண்டும், குறைவாக அல்ல. அன்று ஒரு கோபுரம் இருந்தது, அதில் ஆளைக் காணவில்லை, சாப்பிடப் போயிருக்கலாம், நாங்கள் இருந்த மூன்று மணி நேரமும் சாப்பிட்டிருக்கலாம். தங்கையின் நடுவிலவனுக்கு முருகைக்கல் துண்டு காலில் கிழித்துவிட்டது. கரையில் ஒதுங்கிக் கிடக்கிற அந்த வெள்ளைத் துண்டுகள் பார்க்கத்தான் வடிவு, அரம் மாதிரி. முதலுதவிக்கு எங்கே போவது என்று ஓடித் திரிந்தபோது படகுக்காரத் தம்பி ஒருவர் தன் படகிலிருந்து பஞ்சும் பிளாஸ்டரும் கொண்டுவந்து கட்டிவிட்டார், காசு வாங்கவில்லை.

அவருடைய கண்ணாடிப் படகில்தான் பிறகு போனோம். போக முதலே, பெரிதாக எதிர்பார்க்காதீர்கள் என்று உண்மையைச் சொல்லிவிட்டார். 1998-இல் கடல் சூடேறி இலங்கையைச் சுற்றிய முருகைக்கற்கள் வெளுத்தன, 2016-இல் திரும்பவும் வெளுத்தன. கண்ணாடிக்குக் கீழே பெரும்பாலும் சாம்பல் நிறக் கற்கள், பாசி படிந்த கிளைகள், நடுநடுவே கோடுபோட்ட மீன் கூட்டம், ஓரிரண்டு இடத்தில் ஊதாவும் மஞ்சளுமாக உயிரோடு கொஞ்சம். பிள்ளைகளுக்கு அதுவே போதுமாக இருந்தது. நான் சிறுபிள்ளையாக இருந்தபோது அப்பா என் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கிக் காட்டிய நிறங்களை அவர்களுக்குச் சொல்லவில்லை, சொல்லி என்ன பிரயோசனம். அந்தத் திட்டுத்தான் அலையை மறிக்கிறது, மாமி தனியே நடந்து போனதும் அதனால்தான். அதில் நங்கூரம் போடாதே, ஏறி நிற்காதே என்று ஒரு பலகை வைத்தால் என்ன?

பலகை என்றதும் ஞாபகம் வருகிறது. எச்சரிக்கைப் பலகை ஒன்று இருந்தது, மூன்று மொழியிலும். தமிழில், இவ்விடத்தில் குழிப்பது ஆபத்து என்று எழுதியிருந்தது. என் மகன் மணலில் வீடு கட்டுவதற்குத் தோண்டிக்கொண்டிருந்தவன், அதை வாசித்துவிட்டு எழும்பி, அம்மா இங்கே குழி தோண்டக் கூடாதாம் என்றான். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அது குளிக்கக்கூடாத ஆழமான இடத்தைக் காட்டுகிற பலகை, ஐயா. தமிழ் வாசிக்கிற பிள்ளை தோண்டுவதை நிறுத்திவிட்டுக் குளிக்கப் போகும். தமிழ் ஊரில், நாலு திசையிலும் தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் இருக்கிற ஊரில், எழுதுவதற்கு முன் ஒரு ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் காட்டியிருந்தால் திருத்தித் தந்திருக்கும்.

நாட்டுக்கு 2018-இல் 23 இலட்சம் உல்லாசப் பயணிகள் வந்தார்கள், 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுகள், பிறகு கொரோனா, பிறகு 2022-இல் பெற்றோல் வரிசை என்று எல்லாம் விழுந்து, 2024-இல் திரும்பவும் 20 இலட்சத்தைத் தாண்டிவிட்டது என்று உங்கள் பத்திரிகையிலேயே வாசிக்கிறோம். சந்தோஷம்தான், டொலர் வேண்டும், அந்த ஏறாவூர்த் தம்பிக்குச் சம்பளம் வேண்டும். ஆனால் அது விமான நிலையத்தில் எண்ணுகிற கணக்கு. எங்கள் வானில் போன பதினொரு பேர் அந்தக் கணக்கில் இல்லை, அந்த நாற்பது பெண்களும் இல்லை. வெள்ளைக்காரர் வராத அந்த வருடங்களில் இந்தக் கரைக்கு வந்து வடையும் கச்சானும் இளநீரும் வாங்கின சனம் இந்தச் சனம்தான் என்று கரையில் கடை வைத்திருக்கிற அம்மா சொன்னா.

இலவசமாகச் செய்து தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. வாகனம் நிறுத்தக் காசு வாங்கினார்கள், பற்றுச்சீட்டும் தந்தார்கள், நாங்களும் முணுமுணுக்காமல் கொடுத்தோம். அதேபோல ஆளுக்கு 100 ரூபா வாங்குங்கள், அன்று வரிசையில் நின்ற எந்தப் பெண்ணும் 200 கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பாள். அந்தக் காசில் அந்த ஊர்ப் பெண்கள் இரண்டு பேரை நாட்சம்பளத்துக்கு வையுங்கள், காலையிலிருந்து பின்னேரம் வரை கழுவிக்கொண்டும் கதவைப் பார்த்துக்கொண்டும் இருக்கட்டும். பெரிய கட்டடம், திறப்பு விழா, கல்வெட்டு எதுவும் வேண்டாம். கல்வெட்டு இருக்கிற கட்டடம்தான் பூட்டிக் கிடக்கிறது. கீரிமலையில் பெண்களுக்கென்று சுற்றிவரச் சுவர் வைத்து ஒரு கேணி இருக்கிறது, எத்தனை தலைமுறைக்கு முன் யாரோ யோசித்துச் செய்தது. காரைநகர்க் கசூரினாவில் சவுக்கு மரங்கள் சும்மா நின்றே நிழல் தருகின்றன, அதற்குக் கைப்பட்டி கேட்பதில்லை. பாசிக்குடாப் பொதுக் கரையில் இன்றைக்கு இருபது வேம்பும் பூவரசும் நட்டு ஆடு கடிக்காமல் கூடு கட்டிவிட்டால் என் மகளின் பிள்ளைகள் அதன் கீழே இருந்து பார்சல் அவிழ்ப்பார்கள்.

ஹோட்டல்காரர்களிடமும் ஒன்று கேட்கலாம் என்று நினைக்கிறேன். தங்காதவர்களை உள்ளே விட வேண்டாம். தங்கள் மதிலுக்கு வெளியே, மணல் பக்கமாக, ஆளுக்கு ஒரு பைப் வைத்துவிட்டால் போதும். பத்துப் பன்னிரண்டு ஹோட்டல் நிற்கிற கரையில் பத்துப் பன்னிரண்டு பைப். தடாகத்துக்கு ஊற்றுகிற தண்ணீரில் அது ஒரு வாளி.

நாலரைக்கு வெளிக்கிட்டோம். எங்கள் ஆண்கள் மூன்று பேரும் சாரதித் தம்பியின் சாரத்தை மாறிமாறிக் கட்டி ஐந்து நிமிடத்தில் மாற்றிவிட்டார்கள், அவர்களுக்கு உலகம் அப்படித்தான் அமைந்திருக்கிறது. தங்கை மட்டும் கடைசிவரை மாற்றவில்லை, வரிசையில் நிற்க நேரம் போதவில்லை. ஒரு துவாயை இருக்கையில் விரித்து அதன் மேலே ஈரச் சுரிதாரோடு இருந்தாள். மன்னம்பிட்டி தாண்டும்போது உப்புக் காய்ந்து வெள்ளையாகப் பூத்திருந்தது, வவுனியாவில் தேத்தண்ணிக்கு இறங்க மாட்டேன் என்றுவிட்டாள். இரவு பதினொன்றரைக்குக் கொக்குவிலில் கிணற்றடியில் அவள் தலையில் முதல் வாளி ஊற்றியபோது விட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

மாமி 81-க்கும் பாசிக்குடாதான் என்கிறா, வேறு இடம் சொல்லிப் பார்த்தும் அசையவில்லை. இந்த முறை மைத்துனரிடம் ஹோட்டலுக்குக் காசு கேட்பதில்லை என்று முடிவு. என் வீட்டுக்காரர் பேசாத மனுஷன், வரிசையில் நான் நின்ற நேரத்தில் அந்தக் கொளுக்கி இல்லாத கதவை வெளியிலிருந்து பார்த்து வைத்திருக்கிறார். போன கிழமை ஹாட்வெயார் கடையிலிருந்து நாலு அங்குலக் கொளுக்கி ஒன்றும் ஆறு திருகாணியும் வாங்கி வந்து, வானின் சாமான் பெட்டிக்குள் போட்டிருக்கிறார். அடுத்த ஆகஸ்டுக்கு முன் சம்பந்தப்பட்டவர்கள் யாராவது அந்தக் கதவுக்கு ஒன்றைப் பூட்டிவிட்டால் எங்களுடையதை வீட்டுக் கோழிக்கூட்டுக்குப் போட்டுக்கொள்வோம்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
கொக்குவில்.